பாஸ்போர்ட், பவர், அவுட்பாஸ்: வெளிநாட்டு வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்தியத் தூதரகம், துணைத் தூதரகம் தொடர்பாக வந்த கேள்விகள் இந்த இதழில். எந்த நாட்டுக் கேள்வியோ அந்த நாட்டு நடைமுறைப்படியே பதில் சொல்லியிருக்கிறோம். துபாய் நடைமுறை ரியாத்தில் செல்லாது. ரியாத் நடைமுறை சிங்கப்பூரில் செல்லாது.

ஜுபைலில் ஒப்பந்தக் கம்பெனி ஒன்றில் பைப் ஃபிட்டராக இருக்கிறேன். ஐந்து மாதமாகச் சம்பளம் இல்லை. இக்காமா (வசிப்பு அனுமதி) முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. பாஸ்போர்ட் கம்பெனியிடம் இருக்கிறது. ரியாத் போய்த் தூதரகத்தில் அவுட்பாஸ் வாங்கிக்கொண்டு ஊருக்குக் கிளம்பிவிடு என்கிறார்கள் கேம்பில். போகலாமா?
— வாசகர், ஜுபைல்

இப்போது போகாதீர்கள். உங்கள் நிலையில் அவுட்பாஸ் கடைசிப் படி. அதை முதல் படியாக்கினால் சம்பளமும் போகும், ஊருக்கும் போக முடியாது.

அவுட்பாஸ் என்று நாம் சொல்வது தூதரகம் தரும் அவசரச் சான்றிதழ். 'இவர் இந்தியர், இந்தியா வரை ஒருவழியாகப் பயணம் செய்யலாம்' என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. சவூதியை விட்டு வெளியேறும் அனுமதியான எக்சிட்டைக் கொடுப்பது சவூதியின் பாஸ்போர்ட் துறையான ஜவாஸாத், தூதரகம் அல்ல. அவுட்பாஸைக் கையில் வைத்துக்கொண்டு எக்சிட் கிடைக்காமல் மாதக்கணக்கில் அறையில் உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு.

இன்னொரு சிக்கல். உங்கள் பாஸ்போர்ட் தொலையவில்லை, கம்பெனி பூட்டி வைத்திருக்கிறது. அவுட்பாஸுக்காகத் 'தொலைந்துவிட்டது' என்று போலீஸில் எழுதிக் கொடுத்தால் அது பொய்ப் புகார். நாளைக்குக் கம்பெனி பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்து நீட்டினால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். அது மட்டுமல்ல, வேலையிடத்தை விட்டு நீங்கள் கிளம்பியதும் கம்பெனி 'ஹுரூப்' போடலாம், அதாவது ஆள் ஓடிவிட்டார் என்று பதிவு செய்யலாம். ஹுரூப் விழுந்துவிட்டால் சம்பள வழக்கின் பிடி தளர்ந்துபோகும்.

முதலில் தொழிலாளர் அமைச்சகத்தின் தளத்தில் புகாரைப் பதியுங்கள். வழக்கு முதலில் சமரசப் பிரிவுக்குப் போகும், அங்கே 21 நாள் அவகாசம். முடிவு வராவிட்டால் தொழிலாளர் நீதிமன்றம். வேலை உறவு முடிந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் புகார் கொடுத்தாக வேண்டும். அதே அமைச்சகத்தின் வேலை ஒப்பந்தத் தளமான கிவாவில் உள்ள ஒப்பந்த நகல், கடைசியாகச் சம்பளம் வந்த மாதத்தின் வங்கி அறிக்கை, இக்காமா நகல், வருகைப் பதிவின் படம் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். சவூதி அரசின் இணையச் சேவையான அப்ஷர் கணக்கோடு இணைந்த சவூதி சிம் கார்டை எக்காரணம் கொண்டும் துண்டிக்க விடாதீர்கள். விசாரணை அறிவிப்பும் ஓடிபியும் அந்த எண்ணுக்குத்தான் வரும். பத்து ரியால் ரீசார்ஜ் செய்யாமல் விட்டதால் விசாரணை நாளே தெரியாமல் போனவர்கள் இருக்கிறார்கள்.

தொடர்ந்து மூன்று மாதம் சம்பளம் தராவிட்டாலோ, இக்காமாவைப் புதுப்பிக்காமல் விட்டாலோ, பழைய முதலாளியின் சம்மதம் இல்லாமலே கிவா வழியாக வேறு கம்பெனிக்கு மாறலாம். உங்களுக்கு இரண்டு காரணமுமே இருக்கிறது. வேலை தெரிந்த ஃபிட்டருக்கு இதுவே நல்ல வழியாக இருக்கலாம், யோசியுங்கள்.

ஊருக்கே போவதாக இருந்தால், சமரசம் எழுதப்படும்போது நிலுவைச் சம்பளத்தோடு ஃபைனல் எக்சிட், விமான டிக்கெட், பாஸ்போர்ட் மூன்றையும் அந்தத் தாளிலேயே எழுதச் சொல்லுங்கள். 'சம்பளம் தருகிறோம்' என்பதற்கு மட்டும் கையெழுத்துப் போட்டு வந்தால் மற்ற மூன்றுக்கும் திரும்ப நடக்க வேண்டும். தீர்ப்புக்கு முன்பே கிளம்ப நேர்ந்தால், நம்பிக்கையான ஒருவருக்கு அங்கேயே வகாலா (பவர் பத்திரம்) கொடுத்துவிட்டுப் போங்கள்.

இதனுடன் 'மதத்' தளத்திலும் புகாரைப் பதியுங்கள். இந்தியில் 'உதவி' என்று பொருள், நம் மதத்தோடு தொடர்பில்லை. வெளியுறவு அமைச்சகம் 2015-இல் தொடங்கிய இந்தத் தளத்தில் ஊரில் இருக்கும் மனைவியோ அண்ணனோகூட உங்களுக்காகப் பதியலாம். ரியாத் தூதரகத்தில் பிரவாசி பாரதீய சகாயதா கேந்திரமும் இருக்கிறது. சாப்பாட்டுக்கும் தங்கவும் வழியில்லை என்றால், 2009-இல் ஏற்படுத்தப்பட்ட இந்திய சமுதாய நல நிதியிலிருந்து தூதரகம் உதவலாம். தூதரகச் சேவைகளுக்கு நாம் கட்டும் கட்டணத்தோடு பிடிக்கப்படும் சிறு தொகைதான் அந்த நிதி. அதனால் பிச்சை கேட்பதுபோலக் கூச வேண்டாம். ஆனால் யாருக்கு, எவ்வளவு என்பது தூதரகத்தின் முடிவு.

ஹுரூப் ஏற்கெனவே விழுந்திருந்தால் வழி வேறு. தூதரகத்தில் பெயர் பதிந்து, தொழிலாளர் அலுவலகம், தர்ஹீல் (நாடு கடத்தும் மையம்) வழியாக எக்சிட்டுக்குக் காத்திருக்க வேண்டும். கைரேகை வைக்கும்போது வங்கிக் கடனோ, போக்குவரத்து அபராதமோ, போலீஸ் வழக்கோ இருந்தால் 'மத்லூப்' (தேடப்படுபவர்) என்று காட்டும். அதைத் தீர்க்காமல் எக்சிட் அடிக்க மாட்டார்கள். அவுட்பாஸ் அதை அழிக்காது.

அம்மாவை விசிட் விசாவில் ஷார்ஜாவுக்கு அழைக்க வேண்டும். அம்மா பாஸ்போர்ட்டில் கிவன் நேம் இடத்தில் பெயர் மட்டும் இருக்கிறது, சர்நேம் காலியாக இருக்கிறது. விசா கிடைக்காது என்கிறார் டைப்பிங் சென்டர்காரர்.
— வாசகி, ஷார்ஜா

தமிழர்களுக்கென்றே எழுதியதுபோல ஒரு பிரச்சினை. குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளும் வழக்கம் நமக்கு இல்லை. இனிஷியலை வைத்துக் காலம் தள்ளுகிறோம், பாஸ்போர்ட்டிலோ இனிஷியல் அனுமதி இல்லை. படிவம் நிரப்பியவர் சர்நேமைக் காலியாக விட்டுவிடுகிறார், அது பத்து வருடம் கழித்து விமான நிலையத்தில் வந்து நிற்கிறது.

ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுகளுக்கு விசிட் விசா இல்லை என்று அறிவித்தது. சில நாளிலேயே ஒரு தளர்வும் வந்தது. பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ அச்சாகியிருந்தால் ஏற்றுக்கொள்ளலாம். அங்கே வசிப்பு விசா உள்ளவர்களை இந்தத் தடை தொடவில்லை.

ஆகவே முதலில் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். தாத்தாவின் பெயர் அங்கே இருந்தால், விண்ணப்பத்தோடு முன்பக்கம், கடைசிப் பக்கம் இரண்டையும் ஸ்கேன் செய்து கொடுங்கள். விசா வந்ததும் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறது என்று பார்த்து, டிக்கெட்டிலும் அதே மாதிரி போடச் சொல்லுங்கள். சர்நேம் இல்லாதபோது சில டிக்கெட் மென்பொருள்கள் பெயரையே இரண்டு முறை போட்டுவிடும். சென்னை கவுன்டரில் நிறுத்துவது பெரும்பாலும் விமான நிறுவன ஊழியர்தான், அமீரக அதிகாரி அல்ல. அவர் கேட்டதும் காட்ட, தளர்வு அறிவிப்பின் அச்சுப்படி அம்மாவின் கைப்பையில் இருக்கட்டும்.

நிரந்தரத் தீர்வு மறுவெளியீடுதான். 'தனிநபர் விவரத்தில் மாற்றம்' என்பதைத் தேர்ந்தெடுத்து, தந்தை பெயரைச் சர்நேமாகச் சேர்க்கலாம். கணவர் பெயரையும் சேர்க்கலாம். ஆனால் ஆதார், பான், வங்கிக் கணக்கு எல்லாவற்றிலும் எது இருக்கிறதோ அதையே வைப்பது புத்திசாலித்தனம். பெயரையே மாற்றுவதாக இருந்தால் உறுதிமொழிப் பத்திரம், நாளிதழ் விளம்பரம் அல்லது அரசிதழ் அறிவிப்பு என்று வேலை நீளும். இனிஷியலை விரிப்பது அந்த அளவுக்குச் சுமையல்ல.

குழந்தைகளுக்கு முதல் பாஸ்போர்ட் எடுக்கும் எல்லோருக்கும் ஒரு வார்த்தை: கிவன் நேமில் பிள்ளையின் பெயர், சர்நேமில் அப்பா பெயர். அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே மாதிரி. ஒருவருக்கு அப்பா பெயர், இன்னொருவருக்கு ஊர்ப் பெயர் என்று போட்டால் உடன்பிறப்பு என்பதற்கே தாள் தேட வேண்டிவரும்.

சிங்கப்பூரில் மகள் பிறந்து 14 மாதம் ஆகிறது. இங்கே பிறப்புச் சான்றிதழ் வாங்கிவிட்டோம். இந்தியத் தூதரகத்தில் தனியாகப் பதிய வேண்டும் என்று இப்போதுதான் தெரிந்தது. இருவரும் இந்தியர்கள்.
— வாசகர், சிங்கப்பூர்

காலம் கடந்துவிட்டது, ஆனால் கதவு மூடவில்லை.

2004 டிசம்பர் 3-க்குப் பிறகு வெளிநாட்டில் பிறக்கும் குழந்தை, பெற்றோர் இந்தியர் என்பதால் மட்டும் இந்தியக் குடிமகளாகிவிடாது. குடியுரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவின்படி, பிறந்து ஒரு வருடத்துக்குள் தூதரகத்தில் பதிய வேண்டும். குழந்தைக்கு வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லை என்று பெற்றோர் எழுதிக் கொடுக்கவும் வேண்டும். சிங்கப்பூரில் பிறந்ததாலேயே சிங்கப்பூர்க் குடியுரிமையும் வராது. ஆக, பதிவு செய்யாத வரை உங்கள் மகளுக்கு இரண்டு பக்கமும் இல்லை.

ஒரு வருடம் தாண்டினால் மத்திய உள்துறை அமைச்சகத்தின் அனுமதி வேண்டும். விண்ணப்பம் தூதரகம் வழியாகத்தான் போகும். உள்துறையின் குடியுரிமைத் தளத்தில் படிவத்தை நிரப்பி அச்செடுத்து, சிங்கப்பூர்ப் பிறப்புச் சான்றிதழ், இருவரின் பாஸ்போர்ட், திருமணச் சான்றிதழ், குழந்தை பிறந்த நாளில் நீங்கள் எந்த அனுமதியில் அங்கே இருந்தீர்கள் என்பதற்கான ஆதாரம், தாமதத்துக்கான காரணக் கடிதம் ஆகியவற்றோடு கொடுங்கள். கடிதத்தில் உண்மையை எழுதுங்கள். 'விதி தெரியாது' என்பது வெட்கப்பட வேண்டிய காரணம் அல்ல. அனுமதி வர மாதங்கள் ஆகலாம், அதுவரை ஊர்ப் பயணத்துக்கு டிக்கெட் எடுத்துவைக்காதீர்கள். குழந்தை தங்குவதற்கான பாஸை நீட்டித்துக்கொள்ள, தூதரகத்தில் விண்ணப்பித்த ரசீதைக் குடிநுழைவு ஆணையத்தில் காட்டுங்கள்.

இதில் பெரும்பாலும் இடறுவது திருமணச் சான்றிதழ். கோயிலில் தாலி கட்டி, பத்திரிகை அடித்து, ஊரைக் கூட்டியது எல்லாம் சரி. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தீர்களா என்பதுதான் கேள்வி. பதியாமல் இருந்தால் அதுதான் முதல் வேலை.

வளைகுடாவில் பிரசவம் பார்ப்பவர்களுக்கும் ஒரு குறிப்பு. மருத்துவமனை தரும் அறிவிப்பில் அப்பா அம்மா பெயர் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துப்படியே இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். பெயர் அரபிக்குப் போய் ஆங்கிலத்துக்குத் திரும்பும்போது 'முருகேசன்' என்னவாக வேண்டுமானாலும் ஆகலாம். மருத்துவமனையில் பத்து நிமிடத்தில் திருத்தலாம். சான்றிதழ் ஆன பிறகு திருத்த அலைய வேண்டும்.

அமெரிக்கா, கனடா போன்ற பிறப்பாலேயே குடியுரிமை தரும் நாடுகளில் குழந்தைக்கு அந்நாட்டுப் பாஸ்போர்ட் எடுத்துவிட்டால் இந்தியப் பதிவு கிடையாது, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டைதான்.

தோஹாவில் இருக்கிறேன். ஊரில் எனக்குள்ள மனையை விற்க என் தம்பிக்குப் பவர் கொடுக்க வேண்டும். தூதரகத்தில் என்ன செய்வார்கள்?
— வாசகர், கத்தார்

நீங்கள்தான் கையெழுத்துப் போட்டீர்கள் என்பதற்குச் சாட்சி சொல்வார்கள். பத்திரத்தில் எழுதியிருப்பது சரியா, அந்த மனை உங்களுடையதா என்பதெல்லாம் அவர்கள் பார்ப்பதில்லை. அதனால் வாசகத்தை ஊரிலேயே, அந்தச் சார்பதிவாளர் அலுவலகத்தில் வேலை பார்த்துப் பழகிய ஆவண எழுத்தரிடமோ வழக்கறிஞரிடமோ எழுதி வாங்குங்கள். சர்வே எண், உட்பிரிவு, பட்டா எண், நான்கு எல்லை, அளவு, சார்பதிவாளர் அலுவலகத்தின் பெயர் எல்லாம் மூலப் பத்திரத்தில் உள்ளபடி வர வேண்டும். அதிகாரங்களைத் தனித்தனியாகச் சொல்லுங்கள்: விலை பேச, ஒப்பந்தம் போட, கிரயப் பத்திரத்தில் கையெழுத்திட, பதிவுக்குத் தாக்கல் செய்ய, பணம் பெற. கடைசி அதிகாரத்தைத் தம்பிக்குக் கொடுக்காமல், பணம் உங்கள் என்ஆர்ஓ கணக்குக்கே (வெளிநாடுவாழ் இந்தியரின் ரூபாய்க் கணக்கு) வர வேண்டும் என்றும் எழுதலாம். அதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். ஆனால் பவர் தகராறு பெரும்பாலும் அந்நியரோடு வருவதில்லை.

இந்திய முத்திரைத்தாள் அங்கே தேவையில்லை, வெள்ளைத் தாளில் அச்செடுத்தால் போதும். ஆனால் வீட்டிலேயே கையெழுத்துப் போட்டு எடுத்துப் போகாதீர்கள், திருப்பி அனுப்பிவிடுவார்கள். தூதரக அதிகாரி முன்னால்தான் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட வேண்டும். பாஸ்போர்ட் மூலம், உங்கள் புகைப்படம், பாஸ்போர்ட்டோடு வரும் இரண்டு சாட்சிகள் தேவை. சாட்சிகள் வேலைக்கு விடுப்புப் போட்டு வர வேண்டியிருக்கும் என்பதை மறந்து முன்பதிவு செய்பவர்கள் அதிகம். தம்பி அங்கே இருக்க வேண்டியதில்லை.

இனிதான் முக்கியமான இடம். வெளிநாட்டில் எழுதிய பத்திரம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும் என்கிறது இந்திய முத்திரைச் சட்டம். தம்பி அதை மாவட்டப் பதிவாளரிடம் கொண்டுபோய்த் தீர்வை கட்டிச் சான்று பெற வேண்டும். கூரியர் உறையைக் கிழித்துப் போடாமல் பத்திரத்தோடு வையுங்கள். எந்த நாளில் வந்தது என்பதற்கு அதுவே சாட்சி. பீரோவில் ஆறு மாதம் தூங்கிய பவரை வைத்துக்கொண்டு விலைக்கு ஆள் கிடைத்த பிறகு ஓடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு.

தம்பி கிரயம் எழுதும் நேரத்தில் நீங்கள் உயிரோடு இருப்பதற்கான சான்றையும் தமிழகப் பதிவுத்துறை கேட்கும். பவர் கொடுத்தவர் இறந்தால் பவர் முடிந்தது என்பதே காரணம். மனம் மாறினால் வாட்ஸ்அப்பில் 'ரத்து' என்று அனுப்பினால் போதாது. ரத்துப் பத்திரம் எழுதிப் பதிய வேண்டும்.

வாங்குபவரிடம் நீங்கள் வெளிநாடுவாழ் இந்தியர் என்று முன்பே சொல்லிவிடுங்கள். உள்ளூர்க்காரர் விற்கும்போது பிடிக்கும் 1 சதவீத வரிப்பிடித்தம் உங்களுக்குப் பொருந்தாது, விகிதம் அதைவிட மிக அதிகம். குறைவாகப் பிடிக்க வருமான வரித்துறையிடம் முன்கூட்டியே சான்று வாங்கலாம். விற்பது விவசாய நிலமாக இருந்தால் இந்தியாவில் வசிப்பவருக்குத்தான் விற்க முடியும்.

என் மூத்த சகோதரர் தம்மாமில் மாரடைப்பால் இறந்துவிட்டார். உடலைக் கொண்டுவர நாங்கள் இங்கிருந்து என்ன செய்ய வேண்டும்?
— வாசகர், பெரம்பலூர் மாவட்டம்

இயற்கை மரணமாக இருந்தால் ஓரிரு வாரத்தில் முடியலாம். விபத்தோ தற்கொலையோ சந்தேக மரணமோ என்றால் போலீஸ் விசாரணை முடியும்வரை உடலை விட மாட்டார்கள். அந்தத் தாமதத்துக்குத் தூதரகத்தைத் திட்டிப் பயனில்லை.

உங்களிடமிருந்து அங்கே தேவைப்படுவது முதலில் ஒரே ஒரு தாள்: சட்டப்படியான வாரிசுகளின் சம்மதக் கடிதம். மனைவி இருந்தால் அவர், இல்லாவிட்டால் பெற்றோர் கையெழுத்திட்டு, நோட்டரி சான்றோடு அனுப்ப வேண்டும். உடலை ஊருக்குக் கொண்டுவரவா, அங்கேயே அடக்கமா என்பதையும், அங்குள்ள வேலைகளைக் கவனிக்க யாருக்கு அதிகாரம் என்பதையும் அதில் தெளிவாக எழுதுங்கள். அந்த நபரின் இக்காமா எண், கைபேசி எண் வேண்டும். கம்பெனியின் பிஆர்ஓ (அரசு அலுவலக வேலைகளைப் பார்ப்பவர்) பெயரைப் போடச் சொல்வார்கள். உடலை அனுப்பும் வேலைக்கு மட்டும் அவர் பெயரைப் போடலாம். நிலுவைச் சம்பளம், இழப்பீடு வாங்கும் அதிகாரத்தை அதே தாளில் அவருக்குக் கொடுத்துவிடாதீர்கள். அழுதுகொண்டிருக்கும் வீட்டில் யாரும் இரண்டாவது பத்தியைப் படிப்பதில்லை.

தம்மாமுக்குப் பொறுப்பு ரியாத் தூதரகம். மருத்துவமனை அறிவிப்பு, போலீஸ் அறிக்கை, சம்மதக் கடிதம் சேர்ந்ததும் தடையில்லாச் சான்று தருவார்கள். பிறகு உள்ளூர் இறப்புச் சான்றிதழ், எக்சிட், எம்பாமிங் (உடலைப் பதப்படுத்துதல்), சரக்கு விமான முன்பதிவு. சவூதி தொழிலாளர் சட்டப்படி உடலைத் தயார் செய்து அனுப்பும் செலவு முதலாளியுடையது. ஊரில் நகையை அடகு வைப்பதற்கு முன் இதைக் கம்பெனியிடம் கேளுங்கள். கம்பெனி கைவிரித்தால் சமுதாய நல நிதியிலிருந்து உதவும்படி தூதரகத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள்.

இந்திய விமான நிலையத்தில் சுகாதார அலுவலகத்தின் அனுமதி வேண்டும். மத்திய அரசு 2023 ஆகஸ்டில் தொடங்கிய 'இ-கேர்' தளத்தில், இறப்புச் சான்றிதழ், எம்பாமிங் சான்றிதழ், தூதரகத் தடையில்லாச் சான்று, ரத்து செய்த பாஸ்போர்ட்டின் நகல் நான்கையும் அனுப்புபவரோ விமான நிறுவனமோ ஏற்ற வேண்டும். பெயர் நான்கிலும் ஒன்றாக இருக்கட்டும். ஊர்தி ஏற்பாட்டுக்கு அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறையிடம் விமான எண்ணோடு முன்பே சொல்லுங்கள். மாநில அரசின் இலவச அமரர் ஊர்திக்கு 155377.

காரியம் முடிந்த பிறகு தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். நிலுவைத் தொகை எதற்கும் அதுதான் சாவி. தூதரகம் வழியாக வரும் தொகை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் மூலமாக வாரிசுகளுக்குப் பிரிப்பதும் உண்டு. சகோதரர் ஈசிஆர் பாஸ்போர்ட்டில் (வேலைக்குப் போகக் குடியேற்ற அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட்), அந்த அனுமதி பெற்றுப் போயிருந்தால் பிரவாசி பாரதீய பீமா யோஜனா காப்பீடு எடுத்திருப்பார். அதன் 10 லட்சம் ரூபாய் விபத்து மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான், மாரடைப்புக்கு வராது. இதைச் சொல்ல வருத்தமாக இருக்கிறது. ஆனால் 'வாங்கித் தருகிறேன்' என்று பணம் கேட்டு வருபவரை நம்பி ஏமாறாமல் இருக்க இது தெரிந்திருக்க வேண்டும்.

உறவினரை அபுதாபியில் போலீஸ் பிடித்திருக்கிறது. தூதரகம் ஜாமீனில் எடுக்குமா?
— வாசகி, நாகப்பட்டினம்

எடுக்காது. 1963-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 36-ஆம் பிரிவுப்படி, கைதானவர் கேட்டுக்கொண்டால் அவருடைய தூதரகத்துக்குத் தாமதமின்றித் தகவல் சொல்ல வேண்டும். அதிகாரிகள் போய்ப் பார்க்கலாம், வழக்கறிஞருக்கு ஏற்பாடு செய்யலாம். வழக்கில் தலையிட முடியாது. அதனால் உள்ளே இருப்பவர் கேட்க வேண்டும் என்பதுதான் விஷயம். பேச வாய்ப்புக் கிடைத்தால் இரண்டைச் சொல்லுங்கள்: இந்தியத் தூதரகத்துக்குத் தகவல் தரச் சொல்லிக் கேட்கட்டும், புரியாத அரபித் தாளில் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

தண்டனை வந்துவிட்டால், மீதியை இந்தியச் சிறையில் கழிக்க 2003-ஆம் ஆண்டு கைதிகள் திருப்பியனுப்பும் சட்டத்தில் வழி உண்டு. அமீரகத்தோடு ஒப்பந்தமும் இருக்கிறது. தீர்ப்பு இறுதியாகியிருக்க வேண்டும், வேறு வழக்கு நிலுவையில் இருக்கக் கூடாது, பொதுவாக ஆறு மாதமாவது தண்டனை மீதி இருக்க வேண்டும். மரண தண்டனைக்குப் பொருந்தாது.

பொறியியல் பட்டத்துக்கு அட்டெஸ்டேஷன் (சான்றொப்பம்): துபாய்க்கும் ரியாத்துக்கும் ஒன்றேதானா?
— வாசகர், திருச்சி

இல்லை. ஒரு நாட்டு ஆவணத்தை ஒரே சான்றோடு மற்ற உறுப்பு நாடுகள் ஏற்கும் அப்போஸ்டில் உடன்படிக்கையில் சவூதி 2022 டிசம்பரில் சேர்ந்துவிட்டது. மாநில அரசின் சரிபார்ப்பு, அதன்மேல் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் வில்லை, அவ்வளவே. அமீரகம், கத்தார், குவைத் அந்த உடன்படிக்கையில் இல்லை. அமீரகத்துக்கு மாநிலம், வெளியுறவு அமைச்சகம், இந்தியாவிலுள்ள அமீரகத் தூதரகம், கடைசியாக அமீரக வெளியுறவு அமைச்சகம் என்று நான்கு கை மாற வேண்டும். எல்லாமே மூலச் சான்றிதழின் பின்புறம்தான். லேமினேட் செய்த சான்றிதழில் முத்திரை ஏறாது, பிரித்தால் மை உரியும். கல்லூரியில் வாங்கிய நாளிலேயே 'பத்திரமாக' லேமினேட் செய்துவிடும் நம் வழக்கத்தை என்ன சொல்ல! அப்படி ஆகிவிட்டிருந்தால் பல்கலைக்கழகத்தில் மறுபிரதி கேட்பதே சுலபம்.

அப்பா என்னோடு இங்கே இருக்கிறார். ஓய்வூதியத்துக்கு உயிர்வாழ் சான்று கொடுக்க நவம்பரில் ஊருக்கு வந்தே ஆக வேண்டுமா?
— வாசகி, மெல்போர்ன்

வேண்டாம். ஆதாரும் ஓய்வூதியக் கணக்கும் இணைந்திருந்தால் ஜீவன் பிரமாண் செயலியில் முகத்தைக் காட்டியே கொடுத்துவிடலாம். முடியாவிட்டால் துணைத் தூதரகத்தில் நேரில் கையெழுத்திட்டுச் சான்று பெற்று வங்கிக்கு அனுப்புங்கள். நவம்பர் என்பது மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு. 80 வயது கடந்தவர்கள் அக்டோபர் 1 முதலே தரலாம். தமிழக அரசு ஓய்வூதியர் என்றால் ஓய்வுபெற்ற மாதத்தைப் பாருங்கள். பி.எஃப். ஓய்வூதியம் என்றால் எந்த மாதமும் தரலாம், கொடுத்த நாளிலிருந்து 12 மாதம் செல்லும்.

மனைவிக்குக் கனடாக் குடியுரிமை வந்துவிட்டது. இந்தியப் பாஸ்போர்ட்டில் இன்னும் நாலு வருடம் இருக்கிறது. அதிலேயே ஒருமுறை ஊருக்குப் போய்வரலாமா?
— வாசகர், டொரன்டோ

கூடாது. அங்கே உறுதிமொழி எடுத்த அன்றே இந்தியக் குடியுரிமை முடிந்துவிட்டது. கையில் இருப்பது செல்லாத பாஸ்போர்ட், அதில் பயணம் செய்தால் அபராதம் வரும். ஒப்படைத்துச் சான்று வாங்குங்கள். அது இல்லாமல் விசாவோ ஓசிஐயோ நகராது. ஓசிஐ வந்த பிறகு 20 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு ஒவ்வொரு புதுப் பாஸ்போர்ட்டின்போதும், மற்றவர்களுக்கு 50 வயதுக்குப் பின் ஒருமுறையும், புதுப் படத்தையும் பாஸ்போர்ட் நகலையும் மூன்று மாதத்துக்குள் தளத்தில் ஏற்ற வேண்டும். 20 வயதுக்கு முன் ஓசிஐ வாங்கியவர்கள், 20 வயதுக்கு மேல் எடுக்கும் முதல் பாஸ்போர்ட்டுக்கு மட்டும் அட்டையே புதிதாக வாங்க வேண்டும்.

பாஸ்போர்ட் புதுப்பிக்கக் கொடுத்த போட்டோவை இரண்டு முறை திருப்பிவிட்டார்கள்.
— வாசகர், மஸ்கட்

2025 செப்டம்பர் 1 முதல் தூதரகங்களில் சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பின் அளவுப்படிதான் படம். வெள்ளைப் பின்னணி, முகம் படத்தில் 80 முதல் 85 சதவீதம், 630-க்கு 810 பிக்சல், கண் திறந்து, கண்ணாடி இல்லாமல், நிழல் விழாமல். மென்பொருளில் மெருகேற்றக் கூடாது. ஸ்டூடியோக்காரர் ஆசையாகச் சிவப்பாக்கிக் கொடுத்திருப்பார், அதுதான் திரும்பி வந்திருக்கும்.

தூதரகத்திலேயே ஓட்டுப் போட வசதி உண்டா?
— வாசகர், கோலாலம்பூர்

இல்லை. படிவம் 6ஏ நிரப்பி, பாஸ்போர்ட்டில் உள்ள முகவரியின் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கலாம். ஓட்டுப் போட நேரில் வர வேண்டும், மூலப் பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும்.

குவைத்தில் விடுமுறைக்குக் கிளம்பவே முதலாளி அனுமதி வேண்டும் என்கிறார்கள். உண்மையா?
— வாசகர், குவைத்

உண்மை. 2025 ஜூலை 1 முதல் தனியார் துறையில் 18-ஆம் எண் விசாவில் இருப்பவர்களுக்கு வெளியேறும் அனுமதி கட்டாயம். நீங்கள் செயலியில் விண்ணப்பித்து, கம்பெனி ஒப்புதல் தர வேண்டும். விமானத்துக்கு முந்தின இரவு செய்யாதீர்கள்.

பாங்காக்கில் டேட்டா என்ட்ரி வேலை, விசிட் விசாவில் போனால் அங்கே மாற்றித் தருவோம் என்கிறார் ஏஜென்ட். பத்தாவது பாஸ். கிளியரன்ஸ் தேவையில்லை என்கிறார். சரிதானா?
— வாசகர், ராமநாதபுரம்

பத்தாவது பாஸ் என்றால் கிளியரன்ஸ், அதாவது குடியேற்ற அனுமதி, தேவையில்லை என்பது சரி. அதனால் வேலை உண்மை என்று ஆகாது. குடியேற்ற அனுமதி, பத்தாவது முடிக்காதவர்கள் வேலைக்காகக் குறிப்பிட்ட 18 நாடுகளுக்குப் போகும்போதுதான் கேட்கப்படுகிறது. தாய்லாந்து அந்தப் பட்டியலில் இருக்கிறது. கம்போடியா, மியன்மர் இல்லை. பாங்காக்கில் இறக்கி, சாலை வழியாக மியன்மரின் மியாவாடிக்குக் கடத்திப்போய், இணைய மோசடிக் கூடாரங்களில் அடைத்த நம் ஊர்ப் பிள்ளைகள் மீட்கப்பட்டுத் திரும்பியிருக்கிறார்கள். அவர்களுக்கும் முதலில் சொன்னது டேட்டா என்ட்ரிதான்.

ஏஜென்ட்டின் பதிவு எண்ணைக் கேட்டு வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் தேடுங்கள். பெயர், முகவரி, உரிமம் செல்லும் தேதி மூன்றும் பொருந்த வேண்டும். வேறொருவரின் உரிமத்தைக் காட்டுவதும் நடக்கிறது, அதனால் தளத்தில் உள்ள தொலைபேசி எண்ணுக்கே நீங்களாக அழைத்துக் கேளுங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும், அதற்கு ரசீது தர வேண்டும். வேலை விசா கைக்கு வராமல் பாஸ்போர்ட்டையோ பணத்தையோ கொடுக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் சென்னையில் உள்ள குடியேறுவோர் பாதுகாவலர் அலுவலகத்தில் ஒப்பந்தத்தைக் காட்டலாம், அல்லது வெளியுறவு அமைச்சகத்தின் கட்டணமில்லா எண் 1800 11 3090-க்குப் பேசலாம்.